கைவீசி நடக்க ஒரு வழி

"மூணு மாசச் சர்க்கரை ஒன்பது புள்ளி ரெண்டு" என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னார் கல்லூரி மருத்துவமனை டாக்டரம்மா. என் வயதில் பாதிதான் இருக்கும் அவருக்கு. "எட்டுக்குக் கீழ வரணும்மா. மூணு மாசம் பார்ப்போம். வரலைன்னா ஊசிதான்."

ஊசிக்கு நான் பயப்படவில்லை. மாணவர் விடுதிச் சமையலறையில் பன்னிரண்டு வருடமாகக் காய் நறுக்குகிறேன். விரலில் வெட்டு விழாத இடம் தேடினால்தான் கிடைக்கும். பயம் வேறு இடத்தில் இருந்தது. ரெண்டு வருடத்துக்கு முன்னால், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் ஒருவர் கத்தியும் கையுமாக மயங்கி விழுந்தார். யாருக்கும் காயமில்லை. ஆனால் மறுநாளே மேனேஜர் சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டார். ஊசி போடுகிறவர்கள் கத்தியையும் அடுப்பையும் தொடக்கூடாது. பாத்திரம் கழுவும் கொட்டகைக்குப் போய்விட வேண்டும்.

அந்தக் கொட்டகையை எனக்குத் தெரியும். கத்தி பிடிப்பதற்கு முன்னால் ரெண்டு வருடம் அங்கேதான் கிடந்தேன். அங்கே இருக்கிற அண்டாக்களுக்குள் இடுப்பு வரை இறங்கித்தான் தேய்க்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க என் கால்விரல் இடுக்கு ஆறவே இல்லை. நறுக்கும் மேசையில் என் இடம் ஜன்னல் பக்கத்து மூலை. காற்று வரும். நானூறு பேருக்கு வெங்காயம் அரிந்தாலும் எனக்குக் கண் கரிக்காது. அந்த மூலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"தினமும் நாப்பது நிமிஷம் நடங்க" என்றார் டாக்டரம்மா.

"விடிகாலை அஞ்சு மணியிலேர்ந்து ரெண்டரை வரைக்கும் நின்னுட்டேதான் இருக்கேன், டாக்டர்."

"நிக்கிறது வேற, நடக்கிறது வேற. மூச்சு வாங்கணும். நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. அந்த வேகம்."

"பாட்டு எனக்கு உக்காந்திருந்தாலும் வராது."

அவர் சிரித்துவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். டீயில் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். போகும்போது, விளையாட்டு மைதானத்து வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், நடக்கவும் ஓடவும் மூன்று பாதை போட்டிருக்கிறார்கள், பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மரக்கடையில் சுமை இறக்குகிறவர். குளித்துவிட்டு வந்து தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேலை இல்லாம நடக்கணுமா?"

"ஆமா."

"எங்க போகணும்?"

"எங்கயும் போக வேணாம். போயிட்டுத் திரும்பி வரணும்."

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். "வெறுங்கையோட எப்படிப் போவ? பாக்குறவன் என்ன நினைப்பான்? ஒரு பக்கெட்டையாவது எடுத்துக்கோ."

கேட்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்கள் ரெண்டு பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் எட்டு வயதில் அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போனவள். அங்கே கல்லைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிற அந்த நேரத்திலும் ஓடித்தான் வர வேண்டும். மெதுவாக நடந்தால் மேஸ்திரி தூரத்திலிருந்தே கத்துவான். கையை வீசிக்கொண்டு ஒருத்தி போகிறாள் என்றால், ஒன்று அவள் முதலாளி வீட்டுப் பெண், இல்லையென்றால் வேலையிலிருந்து துரத்தப்பட்டவள். எங்கள் வீட்டில் யாரும் வெறுங்கையோடு தெருவில் போனதில்லை. அதனால் பக்கெட்டை எடுத்துக்கொண்டேன்.

துணைக்கு என் நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. பெண்கள் விடுதியில் அறை கூட்டுகிறாள். அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "வீட்ல இருந்தா உங்க தம்பிக்கு அடுத்த டீ போடணும். அதுக்கு நடக்கலாம்" என்றாள். என்னைவிட வயதில் சிறியவரான தன் புருஷனைத்தான் எனக்குத் தம்பி என்பாள். அவள் கையில் ஒரு துடைப்பம் இருந்தது.

"அது எதுக்குடி?"

"உங்க கையில பக்கெட் எதுக்கு?"

பக்கெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

மைதானத்து வாசலில் பலகை இருந்தது. மஞ்சள் பாதை, வளாகத்தைச் சுற்றி, ரெண்டரை கிலோமீட்டர், எளிது. நீலப் பாதை, பின்வாசல் வழியாகக் கால்வாய்க் கரை, மூன்று கிலோமீட்டர், நடுத்தரம். சிவப்புப் பாதை, தண்ணீர்த் தொட்டிக் குன்று, படியோடு, கடினம். நாத்தனார் வாசித்துக் காட்டினாள்.

"எளிதுலேர்ந்து ஆரம்பிப்போம். செத்துப் போனா அடுத்தது தேவைப்படாது" என்றாள்.

மஞ்சள் பாதை நல்ல தார்ச்சாலை. ரெண்டு பக்கமும் மரம். சாயங்காலம் நாலேகாலுக்கு நிழல் முழுசாக விழுந்திருக்கும். நூலகத்தைத் தாண்டி முந்நூறு அடிகூடப் போகவில்லை, அலுவலகத்து எழுத்தர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏம்மா, இங்க தண்ணி சிந்திருச்சு, கொஞ்சம் துடைச்சுட்டுப் போங்களேன்." நாத்தனார் துடைத்தாள். அடுத்தது பேராசிரியர் குடியிருப்பு. ஒரு வீட்டம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்து, பக்கெட்டைப் பார்த்துவிட்டு, பழைய செடித்தொட்டி மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். வேதியியல் கட்டடத்து வாசலில் பெண்கள் விடுதி வார்டன் மேடம் ஸ்கூட்டரை நிறுத்தி, "நல்லவேளை, நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க" என்றார். நாற்காலிகளை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டுமாம். பன்னிரண்டு நாற்காலி.

ஆறு மணிக்கு வீடு திரும்பினோம். நடந்தது மொத்தம் அரைக் கிலோமீட்டர் இருக்கும்.

இப்படி எட்டு நாள். ஒன்பதாம் நாள் நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, நம்ம நடக்கப் போறோமா, வேலை தேடிப் போறோமா? ஒன்னு முடிவு பண்ணுங்க."

"கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"எனக்கும்தான் வாய் வரல. அதான் சொல்றேன், கேக்குறவங்க இல்லாத பாதையாப் பாப்போம்."

நீலப் பாதைக்குப் போனோம். கால்வாய்க் கரை மண்பாதை, காலுக்கு மெத்து மெத்தென்று இருக்கும். தண்ணீர்க் காற்று. எழுத்தர் இல்லை, வீட்டம்மா இல்லை, வார்டன் வர வழியே இல்லை. நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். முதல் வளைவைத் தாண்டியதும் ஒரு பையனும் பெண்ணும் சடாரென்று விலகி உட்கார்ந்தார்கள். அடுத்த மரத்தடியில் இன்னொரு ஜோடி. அதற்கடுத்து, ஒரே புத்தகத்தை ரெண்டு பேர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார்கள்.

எல்லாம் எங்கள் விடுதிப் பிள்ளைகள். தினமும் தட்டை நீட்டுகிறவர்கள். ஒரு பெண் எழுந்து எங்கள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, வார்டன் அனுப்பிச்சாங்களா?"

"இல்லம்மா, நாங்க நடக்க வந்தோம்."

அவள் பக்கெட்டைப் பார்த்தாள். துடைப்பத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. "ப்ளீஸ்க்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்க."

சொல்ல மாட்டோம் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தோம். மறுநாள் போனபோது கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. தூரத்தில் ஒரு பையன் மட்டும் மரத்தில் சாய்ந்து நின்று, எங்களைக் கண்டதும் விசில் அடித்தான். எச்சரிக்கை விசில்.

"பாவம் அண்ணி" என்றாள் நாத்தனார். "அதுங்களுக்கு வேற எங்க இடம்? நமக்குக் காலு இருக்கு, வேற பக்கம் போவோம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒன்றரை வாரம் இப்படியே கழிந்திருந்தது. சமையலறையில் மேனேஜர் ஒரு புதுப் பெண்ணைக் கொண்டுவந்து மேசையின் மறுமுனையில் நிறுத்தினார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். டாக்டரம்மாவின் தாளில் ஒரு பிரதி அவருக்கும் போயிருந்தது. அந்தப் பெண் நல்லவள்தான். கேரட்டை மட்டும் ஒரு துண்டு விரல் அளவு, ஒரு துண்டு நகம் அளவு நறுக்கினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்களிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது, கெட்ட எண்ணம்தான், ஆனால் சொல்லிக்கொடுக்கவில்லை.

மிச்சமிருந்தது சிவப்பு. குன்றில் இருநூற்றுப் பத்துப் படி. நான் ஏறுவதில் கெட்டிக்காரி. சுமந்தவளுக்கு ஏற்றம் பழக்கம். முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்து, நிற்காமல் ஒரே வீச்சில் மேலே போய்விட்டேன். போன பிறகு கண் இருட்டி, தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேலே விளையாட்டு வாத்தியார் ஒற்றைக்காலில் நின்று தொடையை இழுத்துக்கொண்டிருந்தார். பலகை வைத்தவர் அவர்தான்.

"யாராவது துரத்துறாங்களாம்மா?" என்றார்.

"இல்ல சார். சீக்கிரம் ஏறி இறக்கிட்டா..." என்று சொல்ல வந்து நிறுத்தினேன். இறக்க என்ன இருக்கிறது? பக்கெட் காலியாகத்தான் இருந்தது.

அவர் தண்ணீர் கொடுத்தார். கல்லூரியைப் பார்த்த பக்கம் படியில் இறங்க வேண்டாம், முட்டி போய்விடும், பின்பக்கம் சரிவாக ஒரு மண்பாதை இருக்கிறது, அதில் மெதுவாகப் போங்கள் என்றார். நாத்தனார் அப்போதுதான் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தாள். வந்ததும், "திரும்ப இறங்கணுமா?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

பின்பக்கம் இறங்கினோம். பாதை ஒரு நூல் மில்லின் வாசலில் கொண்டுபோய் விட்டது. நாங்கள் அங்கே கால் வைக்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. நாலரை மணி. வாசல் திறந்தது. முந்நூறு பெண்கள் வெளியே வந்தார்கள்.

எப்படிச் சொல்வது. ஒருத்தி கையிலும் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு டப்பா போட்ட சின்னப் பை ஒன்று தோளில், அவ்வளவுதான். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. எல்லோரும் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். வேலை முடித்துப் போகிறவர்கள். அவர்களை யாரும் கூப்பிட்டு எதையும் செய்யச் சொல்ல முடியாது. செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

கூட்டம் எங்களையும் இழுத்துக்கொண்டு போனது. மில் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் ரெண்டு கிலோமீட்டர், நேர் சாலை, ஒரு பக்கம் மில்லின் நீளச் சுவர், அதன் நிழல் சாலை முழுக்க. பஸ் நாலு ஐம்பத்தைந்துக்கு. தவறவிட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. அதனால் அந்தப் பெண்கள் நடந்த வேகம் சாதாரண வேகமில்லை. பேச முடிந்தது, பாட முடியவில்லை.

பக்கத்தில் வந்தவள் தாட்டியானவள், வாய் ஓயவே ஓயாது. "புதுசா? எந்த செக்ஷன்?" என்றாள்.

"பேக்கிங்" என்றாள் நாத்தனார், கண்ணை இமைக்காமல்.

"பேக்கிங்குல பக்கெட் குடுக்குறாங்களா இப்ப?"

மறுநாள் பக்கெட்டையும் துடைப்பத்தையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். அந்தக் கூட்டத்தில் அவைதான் வெட்கமாக இருந்தன.

பாதை முடிவாகிவிட்டது. தினமும் குன்றைச் சுற்றிக்கொண்டு நாலரைக்கு மில் வாசல். சங்கு ஊதினால் நடை. கடைசி முந்நூறு அடியில் பஸ் கிளம்பப் போகிற சத்தம் கேட்கும். எல்லோரும் ஓடுவார்கள். நாங்களும் ஓடுவோம். ஓடாமல் இருக்க முடியாது, பின்னால் வருகிறவர்கள் மிதித்துவிடுவார்கள். எல்லோரும் ஏறிய பிறகு நாங்கள் ரெண்டு பேரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு கீழேயே நிற்போம்.

நடத்துனர் முதல் வாரம் பொறுத்துக்கொண்டார். ரெண்டாவது வாரம் படியில் நின்று கத்தினார். "ஏறுங்கம்மா, உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

"நீங்க போங்க தம்பி."

"தினமும் உசுரைக் கையில பிடிச்சுட்டு ஓடி வர்றீங்க. வந்து ஏற மாட்டேங்குறீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஒன்னும் வேணாம் தம்பி. திரும்பி நடந்து போகணும்."

"எங்க?"

"வந்த இடத்துக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. தாட்டியானவள் ஜன்னலில் தலையை நீட்டி, "பேக்கிங் செக்ஷனே இப்படித்தான், கட்டினதையே திரும்பப் பிரிப்பாங்க" என்றாள். எங்கள் குட்டு எப்போதோ உடைந்திருந்தது; அவளிடம் எண் விஷயத்தையும் அண்டாக் கொட்டகை விஷயத்தையும் சொல்லியிருந்தேன். அவள் அம்மாவுக்கும் ஊசிதானாம். அதன் பிறகு நான் பின்தங்கினால் அவள் என் முதுகில் தட்டுவாள். "அண்டா, அண்டா" என்பாள். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, என் கால் தானாக வேகம் பிடிக்கும்.

ஒருநாள் விளையாட்டு வாத்தியார் அந்தச் சாலையில் எதிரே ஓடி வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். நாங்கள் ஓடுவதை உண்மையிலேயே மெச்சினார். இந்தச் சாலையை நாலாவது பாதையாகப் பலகையில் எழுதிவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சார்" என்றாள் நாத்தனார். "அப்புறம் புள்ளைங்க எல்லாம் இங்க ஓட வருவாங்க. இவங்களுக்கு பஸ்ஸுல இடம் கிடைக்காது."

"அவங்க ஏன்மா பஸ்ஸுல ஏறப் போறாங்க?"

"ஓடினா ஏறத் தோணும் சார். நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு ஏறாம இருக்கோம்னு எங்களுக்குத்தான் தெரியும்."

அவர் எழுதவில்லை.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் பன்னிரண்டு நாள் இருந்தபோது ரெண்டு காரியம் ஒன்றாக நடந்தன. இயந்திரங்களைச் சரிபார்க்க மில்லைப் பத்து நாள் மூடினார்கள். அதே வாரம் நாத்தனார் விடுதி மாடிப்படியில் ஈரத்தில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, "அண்ணி, நீங்க போங்க" என்றாள். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. முதல் நாள் துணி துவைத்தேன். ரெண்டாம் நாள் பாத்திரத்தையெல்லாம் இறக்கி அடுக்கினேன். ஆள் இல்லாத சாலையில் நான் மட்டும் கையை வீசிக்கொண்டு போவதை நினைத்தாலே உடம்பு கூசியது.

மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் போனால், புதுப் பெண் தன் பலகையை ஜன்னல் மூலைக்கு நகர்த்தி வைத்திருந்தாள். "மேனேஜர் சார்தான் இங்க நின்னு பழகச் சொன்னாருக்கா" என்றாள். குரலில் குற்ற உணர்ச்சி இருந்தது. கேரட் இப்போது ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கிளம்பினேன். மில் வாசல் பூட்டியிருந்தது. சங்கு இல்லை. சாலை நீளமாகக் கிடந்தது. நடக்கத் தொடங்கினால் என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கவாட்டில் ரெண்டு கட்டை தொங்குவதுபோல் இருந்தது. முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டேன். அது மேஸ்திரி நடை. மார்பில் கட்டிக்கொண்டேன், வேகம் வரவில்லை. கடைசியில் விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் அவை தானாக ஆடத் தொடங்கின.

பாதி தூரத்தில் எதிரே ஸ்கூட்டர் வந்தது. வார்டன் மேடம்.

"அட, நீங்களா. சும்மாதானே போறீங்க? கடையில திரைத்துணி மூட்டை ஒன்னு இருக்கு, ஸ்கூட்டர்ல வைக்க முடியல. கொஞ்சம் தூக்கிட்டு வந்துடுங்களேன்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லி முடித்திருப்பேன். சரி என்ற சொல் வாயில் தயாராகத்தான் இருந்தது.

"சும்மா போகல, மேடம்" என்றேன். "வேலையாப் போறேன்."

அவர் என் கையைப் பார்த்தார், பின்னால் பார்த்தார். "என்ன வேலை?"

"நடக்கிற வேலை. டாக்டர் சொல்லியிருக்காங்க. நின்னா கெட்டுப்போயிடும். மூட்டையை ஆள் விட்டு எடுத்துக்கங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஓ" என்றார். பிறகு, "எத்தனை தூரம்?" என்று கேட்டார்.

"பஸ் நிறுத்தம் வரைக்கும். அப்புறம் திரும்பி."

"எனக்கும் நடக்கச் சொல்லித்தான் இருக்காங்க" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் நடையைத் தொடர்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு வந்தது. தனியாக, நடுச் சாலையில், வாய்விட்டுச் சிரித்தேன். மிச்சமிருந்த நாட்களில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பஸ் இல்லாவிட்டாலும் கடைசி முந்நூறு அடியை ஓடித்தான் முடித்தேன்.

டாக்டரம்மா தாளைப் பிரித்தபோது நான் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏழு புள்ளி எட்டு."

"எட்டுக்குக் கீழதானே?"

"கீழதான். இன்னும் கொஞ்சம் இறங்கணும். ஆனா ஊசி வேணாம். நடையை மட்டும் விட்டுடாதீங்க." பேனாவை மூடிக்கொண்டே, "எந்தக் கலர் பாதை?" என்றார்.

"கலர் இல்லாத பாதை, டாக்டர்" என்றேன். அவருக்கு அவசரம், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தாளை மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் ரெண்டு முறை வாசித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். புதுப் பெண் சொல்லாமலே தன் பலகையை எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போனாள். நான் மூலையில் நின்று கத்தியைத் தீட்டினேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தைக் கடைசியில் வெட்டினால் கண் கரிக்காது என்று சொல்லிக்கொடுத்தேன். இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

ரெண்டரைக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். "முட்டைக்கோஸ் வண்டி நாலு மணிக்குத்தான் வருதாம். ராத்திரிக்கு வேணும். நீங்க இருந்து வெட்டிக் குடுத்துட்டுப் போயிடுங்க."

"நாலு மணிக்கு எனக்கு ஆகாது சார். அஞ்சரைக்கு வர்றேன்."

"அதுவரைக்கும் முட்டைக்கோஸை என்ன பண்றது?"

"அது எங்கயும் போகாது சார். இருக்கும்."

இருந்தது. நான் அஞ்சேமுக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தேன்.